நிரந்தர முகவரி

கரியாலூர் மேல்,
12-6-2022

அன்புள்ள அண்ணனுக்கு நிர்மலா எழுதுவது. நீயும் அண்ணியும் சுகம்தானே? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அவர் இருக்கிறார்.

ஒரு செல் வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. செல் வைத்திருக்கிறவன் படிக்க மாட்டான் என்கிறாய். இந்தப் பள்ளிக்கூட மேட்டிலும் டவர் எடுப்பதில்லை. விடுதிப் பிள்ளைகளுக்குச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டில் இரண்டு தாள் கிழித்து எழுதுகிறேன். கவனமாகப் படி.

உன் மாப்பிள்ளைக்கு இரண்டு கிட்னியும் போய் எட்டு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆறு மணி பஸ்ஸில் மலை இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகப் போய்ச் சேர ஒன்பது ஆகிவிடுகிறது. நாலு மணி நேரம் மிஷினில் படுத்துவிட்டு மறுபடி மலை ஏறி வரும்போது ஆள் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறார். பதினெட்டு வருஷம் இதே ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டினவர், இப்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறார். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்தால் என்னம்மா செய்வாய் என்று டாக்டரே கேட்டார்.

அதனால் சங்கராபுரம் விடுதிக்கு மாறுதல் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு சமையலர் இடம் காலி. என் பெயர்தான் முதலில் இருக்கிறதாம். ஆபீஸிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வரும். கிடைத்த பதினைந்து நாளுக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் வேலையில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. நிரந்தர முகவரி என்ற இடத்தில் ரிஷிவந்தியம் வீட்டைத்தான் எழுதினேன். இப்போது மாற்றப் போனால் அதற்கே ஆறு மாதம் இழுப்பார்கள். ஆகவே கடிதம் உன் வீட்டுக்குத்தான் வரும். வந்ததும் ஒரு செவ்வாயோ வெள்ளியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து என் கையில் கொடு. உன் மாப்பிள்ளையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பஜ்ஜி மடித்த பேப்பரையே எண்ணெயோடு பிரித்துப் படிக்கிற ஆள் நீ. அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை நிர்மலா


ரிஷிவந்தியம்,
20-6-2022

என் அருமைத் தங்கைக்கு அரங்கநாதனின் அன்பு. மலையில் சாரல் காற்று தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். உன் அண்ணிக்கு முழங்கால் வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியிருக்கிறது. அவள் அதைத் தேவலை என்கிறாள்.

கடிதத்தைப் பற்றிக் கவலையை விடு. கள்ளக்குறிச்சி அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். முகூர்த்த தேதி தப்பாக இருந்த பத்திரிகையை மிஷினில் ஏறுவதற்கு முன்னால் பிடித்து ஒரு கல்யாணத்தையே காப்பாற்றியிருக்கிறேன். அச்சகம் மூடிவிட்டது, என் கண் மூடவில்லை.

இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது, கேட்டால் சிரிப்பாய். உன் அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்குள் சொருகிவிடுவாள். "ஒங்க கண்ணு போற ஒரே எடம் அதானே" என்கிறாள். நியாயம்தான். எனக்கும் பக்க அடையாளத்துக்குக் காகிதம் ஆயிற்று. நம் பெரியப்பா பையன் பாரதியின் கல்யாணப் பத்திரிகையை, கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் 210ஆம் பக்கத்தில் கண்டெடுத்தேன். இன்றுவரை அவன் என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்குப் போகாததில் எனக்கு வருத்தமில்லை, சாப்பாடு சுமார் என்று கேள்வி.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு யோசனை என்னை விடமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையின் ரத்தம் முழுதும் வெளியே போய், மிஷினில் அலசப்பட்டு, திரும்ப உள்ளே வருகிறது. வாரத்துக்கு இரண்டு முறை. அப்படியானால் மலை ஏறி வீட்டுக்கு வருகிறவர் காலையில் இறங்கிப் போன அதே பொன்னுரங்கம்தானா? இல்லை, வேறொருவர் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறாரா? இரண்டு நாளாக இதே நினைப்பு. இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்பாய். பிரயோசனம் பார்த்து யோசிக்கிறவனுக்கு வியாபாரி என்று பெயர்.

ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது, தெரியுமே. ஆனாலும் கடிதத்தோடு வருவேன். மாப்பிள்ளையின் நலம் அறிய ஆவல்.

அண்ணன் அரங்கநாதன்


கரியாலூர் மேல்,
5-7-2022

அண்ணனுக்கு நிர்மலா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நலத்தைப் பற்றிக் கேட்காதே.

உனக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருக்கிறதா அண்ணே? ஒரு மனுஷன் ஊசி குத்தின கையோடு கிடக்கிறான், அவன் அதே ஆளா வேறு ஆளா என்று எழுதுகிறாய். எரிச்சலில் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அவர் பிடுங்கிக்கொண்டு, படி என்றார். படித்தேன். இன்னொரு தபா படி என்றார். அப்புறம் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மிஷினில் படுத்திருக்கும்போது பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரத்தம் புதுசா வருதோ பழசா வருதோ, தாகம் மட்டும் அதே தாகமாத்தான் கீது. அப்போ நான் அதே ஆளுதான்னு மச்சானுக்கு எழுது." ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் அவருக்கு அளவு, சோற்றில் இருக்கிறதையும் சேர்த்து. அது உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

உன் யோசனையால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இருநூறு பிள்ளைகளுக்கு உலை வைக்கிறவள் நான், அரிசி வெந்ததா இல்லையா என்பதுதான் என் தத்துவம். ஆனால் அவருக்காக அடுத்த கடிதத்திலும் ஏதாவது எழுது.

பாரதியின் பத்திரிகைக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடிதத்தைப் புத்தகத்தில் வைக்க வேண்டாம், உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் இன்றைக்கே சொல். மறக்காதே. கடிதம் எந்த நாளும் வரலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நிர்மலா


ரிஷிவந்தியம்,
24-7-2022

அன்புத் தங்கைக்கு, நலம், நலமே விளைக. அண்ணியிடம் சொல்லியாயிற்று. கடிதம் இதுவரை வரவில்லை. அரசாங்கக் காகிதம் நடந்துதான் வரும்.

மாப்பிள்ளை என்னை ஜெயித்துவிட்டார் என்று அவரிடம் சொல். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பதில் இல்லை. ஒரு மனிதன் அதே மனிதன்தான் என்பதற்கு அவனுடைய தாகம்தான் சாட்சி. லாரி ஓட்டினவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு தடித்த புத்தகத்தில் இருக்கிறேன், எழுநூறு பக்கம். நேற்று 64ஆம் பக்கத்தில் ஒரு எண்ணம் தோன்றியது. பறந்துவிடக் கூடாதே என்று அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் உடனே குறித்துக்கொண்டேன். குறிக்கும்போதே உனக்கு எழுத வேண்டும் என்றும் நினைத்தேன். இதுதான்: "கெடுதல் செய்கிறவனை விட, பக்கத்திலேயே இருந்தும் பார்க்காதவன் அதிகம் கெடுக்கிறான்." எப்படி? புரூஃப் பார்த்தவனுக்குத்தான் இது தோன்றும். படிப்பது என்றால் வேறென்ன, பார்ப்பதுதானே. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் எதையும் பார்ப்பதில்லை. நீ உலையைப் பார்க்கிறாய், நான் பக்கத்தைப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பேன், நீ கரண்டியால் அடிக்க வருவாய்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு கேள்வி: லாரி ஓட்டும்போது ரோடு நம்மை நோக்கி வருகிறதா, நாம் ரோட்டை நோக்கிப் போகிறோமா? யோசித்துச் சொல்லட்டும். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வரப் பார்க்கிறேன். அவர் உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


கரியாலூர் மேல்,
30-8-2022

அண்ணனுக்கு நிர்மலா. அண்ணிக்கும் உனக்கும் சுகம் என்று நினைக்கிறேன். எனக்குத் தூக்கமில்லை.

சின்னசேலம் பக்கத்து விடுதிக்கு மாறுதல் கேட்ட பாப்பாத்திக்கு ஜூலை நடுவிலேயே கடிதம் வந்து, அவள் சம்மதம் கொடுத்து, வேலையிலும் சேர்ந்துவிட்டாள். ஒரே பட்டியல், ஒரே நாளில் தபாலில் சேர்த்தது என்கிறாள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? தபால்காரர் ஆதிமூலத்தை நேராகக் கேள். நாளைக்கே கேள். ஆபீஸ் கள்ளக்குறிச்சியில் இல்லை, இன்னும் தள்ளி; இங்கிருந்து போய் வர எனக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் பதிலாகத் தங்கமணிதான் உலை வைக்கிறாள், அவளிடம் இன்னொரு நாள் கேட்க வாய் வரவில்லை.

அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அருவி பார்க்க வந்த கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டது. வெள்ளிமலை வரை போகிற அந்த வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். ஒரு பையன் கூட எழுந்து இடம் கொடுக்கவில்லை.

உன் கடிதங்களை ஆஸ்பத்திரிக்குப் போகிற பையிலேயே வைத்திருக்கிறார். மிஷின் ஓட ஆரம்பித்ததும், எடு என்பார். நான் படிப்பேன். பக்கத்துக் கட்டில் ராமசாமி என்பவரும் காது கொடுப்பார். ரோடு கேள்விக்கு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள். "ஏறும்போது நாம போறோம், எறங்கும்போது அது வருது" என்பது உன் மாப்பிள்ளையின் தீர்ப்பு.

அவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: "தாகத்தோட கெடக்கிறப்ப தண்ணிய நெனச்சா, தாகம் ஜாஸ்தி ஆவுதா, கம்மி ஆவுதா? மச்சான் பொஸ்தவத்துல இன்னா போட்டுக்கீதுன்னு கேளு." விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கிறார். நன்றாக யோசித்து எழுது.

முதலில் ஆதிமூலத்தைக் கேள்.

நிர்மலா


ரிஷிவந்தியம்,
14-9-2022

தங்கை நிர்மலாவுக்கு, நலம். அங்கு நலமா?

கடிதம் விஷயமாக ஒன்றும் தெரியவில்லை. நீயே ஆபீஸில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. அண்ணிக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கும் உடம்பு சரியில்லை. மாப்பிள்ளை கேட்டதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

அரங்கநாதன்


கரியாலூர் மேல்,
9-10-2022

அண்ணனுக்கு நிர்மலா எழுதுவது. உனக்கு என்ன உடம்பு? காய்ச்சலா? டாக்டரைப் பார்த்தாயா? நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினால் நான் என்னவென்று நினைப்பது?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவ்ளோதானா? பின்பக்கம் பாரு" என்றார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மச்சானுக்கு எம்மேல இன்னா கோவம்? நான் கேட்டது தப்பா?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். தண்ணீர், தாகம், மனசு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் போட்டு, உன்னைப் போலவே நீட்டி முழக்கினேன். பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். "இது மச்சான் இல்ல. இதுல சாம்பார் வாசன அடிக்குது" என்றார். ராமசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் மிஷின் ஆடிவிட்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

படிப்பால் என்ன பிரயோசனம் என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த நாலு மணி நேரத்தைத் தள்ளுவதற்கு அவருக்கு வேறு எதுவும் இல்லை அண்ணே. மாத்திரை எழுதிக் கொடுக்க டாக்டர் இருக்கிறார், இதற்கு நீதான் இருக்கிறாய். பைத்தியக்காரத்தனமாக எதையாவது எழுது. ஒரு பக்கம் போதும்.

மாறுதலைப் பற்றி ஆபீஸில் கேட்க இன்னும் போக முடியவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. உன் பதிலுக்குக் காத்திருக்கிறோம், இரண்டு பேரும்.

நிர்மலா


கரியாலூர் மேல்,
2-12-2022

அண்ணனுக்கு நிர்மலா. அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? அந்தக் காலோடு மலை ஏறி வந்து மூன்று நாள் என்னோடு இருந்தாள், அதை மறக்க மாட்டேன்.

நீயும் வந்தாய். பள்ளிக்கூடச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைப் பார்த்தபோதெல்லாம் நீ தரையைப் பார்த்தாய். அடக்கம் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய். துக்கத்தில் பேச்சு வராது என்று நானே உனக்காக மற்றவர்களிடம் சொன்னேன்.

நடந்தது எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திங்கள்கிழமை பெய்த மழையில் ஏழாவது வளைவில் மண் சரிந்தது. செவ்வாய் பஸ் இல்லை. வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் நான் ஒரு மடக்குக் கூடக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்ணை அள்ளி ஜீப் போகிற அளவுக்கு வழி செய்தார்கள். நாலாவது வளைவில் என் தோளில் சாய்ந்தார். அணைக்கட்டு தெரிகிற இடம்.

பதினாறாம் நாள் முடிந்து, நேற்று முதல் தடவையாக ஆபீஸுக்குப் போனேன். மாறுதல் இனி எதற்கு, இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஒப்புகைச் சீட்டை எடுத்துக் காட்டினார்கள். ஜூலை 15ஆம் தேதி உன் வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டவர் கையெழுத்து: ரங்கம்மாள்.

அது அண்ணியின் கையெழுத்துத்தான். கைநாட்டு வைக்க வேண்டாம் என்று நான்தான் உட்கார்ந்து எழுதப் பழக்கினேன். கடைசி எழுத்தை எப்போதும் கீழே இழுத்துவிடுவாள்.

என்ன நடந்தது அண்ணே?

நிர்மலா


ரிஷிவந்தியம்,
15-12-2022

நிர்மலாவுக்கு அண்ணி ரங்கம்மா சொல்றது. நான் சொல்லச் சொல்லத் தையக்கட சந்தியா எழுதுறா. நீ சாப்புடுறியா? ஒழுங்கா சாப்புடு.

ஒங்கடிதாசி வந்து நாலு நாள் பாத்தேன். இன்னா எழுதிக்கீதுன்னு நான் கேட்டும் அந்த மனுசன் சொல்லல. அப்பால நான் சந்தியாகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன்.

நான்தாம்மா வாங்கினேன். ஆதிமூலம் வந்து கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். எப்பவும் போல அவரு படிக்கிற பொஸ்தவத்துல வெச்சேன். ஒங்கடிதாசின்னு எனக்கு இன்னா தெரியும். அதக் கையில குடுக்கணும்னு நீ சொன்னியாமே, எங்கிட்ட அவரு அப்படி ஒரு வார்த்த சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நான் முந்தானையிலயே முடிஞ்சு வெச்சிருப்பேன்.

அவரு தெனமும் அதக் கையில எடுத்துக்கினுதான் இருந்தாரு. நான் பாத்தேன். பக்கம் பக்கமா தள்ளித் தள்ளி வெப்பாரு. பென்சிலால அதும் மேல ஏதோ எழுதுவாரு. பாத்துட்டாரு, படிச்சிட்டாருன்னுதான் நான் நெனச்சேன். செப்டம்பர்ல ஆதிமூலம் வாசல்ல நின்னு அவரோட பேசிட்டுப் போனதும், வூட்டுக்குள்ள வந்து பொஸ்தவத்தத் தொறந்தாரு. அப்படியே குந்திட்டாரு. இன்னா ஆச்சுன்னு கேட்டேன், ஒண்ணும் இல்லன்னாரு. எனக்கு இப்பத்தான் புரியுது.

அந்தக் கவர இதோட வெச்சுக்கீறேன். அவருக்குத் தெரியாமதான் எடுத்தேன். இன்னும் ஒட்டுப் பிரிக்கல.

ஒன்னைப் பாக்க எனக்கு மொகம் இல்ல. அந்தக் கையெழுத்த நான் கத்துக்காமலே இருந்திருக்கலாம்.

ஒன் அண்ணி


ரிஷிவந்தியம்,
5-1-2023

நிர்மலா, நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

உன் அண்ணி எழுதிவிட்டாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவள் சொன்னது எல்லாம் உண்மை. வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி அவள் வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுத வசதியான ஒரு காகிதம். ஐம்பது நாள் கையில் வைத்திருந்தும் ஒரு முறை கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நீ ஆதிமூலத்தைக் கேட்கச் சொன்ன பிறகு கேட்டேன். "இன்னா சார், ஜூலையிலயே குடுத்துட்டனே" என்றார். அப்போது நான் 311ஆம் பக்கத்தில் இருந்தேன்.

சொல்லத்தான் நினைத்தேன். பேனாவை எடுப்பேன், உன் பெயரை எழுதிவிட்டு மூடி வைத்துவிடுவேன். மாப்பிள்ளைக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், எந்த முகத்தோடு எழுதுவது என்று எழுந்துவிடுவேன். ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிய அந்த ஒரு பொய்க்கு மேல் பொய்யும் சொல்ல முடியவில்லை, மெய்யும் சொல்ல முடியவில்லை.

புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி. படிப்பால் ஒரு மனிதனுக்கும் பிரயோசனம் இல்லை. உட்கார்ந்து யோசிப்பது சோம்பேறிக்கு வைத்த நல்ல பெயர். படிப்புத்தான் என் கண்ணைக் கெடுத்தது, உன் வாழ்க்கையையும் கெடுத்தது. இனி ஒரு வரி படிக்க மாட்டேன். இதுவே எனக்கு நான் விதித்துக்கொண்ட தண்டனை. மன்னிக்க முடிந்தால் மன்னி.

பாவி அண்ணன்


கரியாலூர் மேல்,
18-4-2023

ரிஷிவந்தியம் திரு. அரங்கநாதன் அவர்களுக்கு நிர்மலா எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் மூன்று மாதம் இருந்தேன். சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருப்பதால் எழுதுகிறேன். அதற்கு முன்னால் சில வார்த்தைகள்.

படிப்பின் மேல் பழி போடாதீர்கள். புத்தகம் எதையும் ஒளித்து வைக்கவில்லை. உறை ஐம்பது நாள் அதற்குள் இருந்தது அசட்டை. அதைக் கூட ஒரு நாள் நான் பொறுத்துக்கொள்வேன், நீங்கள் அப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தும் உங்களை நம்பினவள் நான்தானே. ஆனால் செப்டம்பரில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் சங்கராபுரத்திலேயே இன்னொரு இடம் காலியாக இருந்திருக்கிறது. உறையை எடுத்துக்கொண்டு போய், தபால் கைக்கு வரவில்லை என்று ஒரு மனு கொடுத்திருந்தால் மழைக்கு முன்னால் இறங்கியிருப்போம். ஆபீஸில் என்னிடம் சொன்னார்கள். இறங்கியிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் காரணம் என்று நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஏழாவது வளைவுக்குக் கீழே இருந்திருப்போம், அது மட்டும் நிச்சயம்.

அண்ணி அனுப்பிய உறையைப் பார்த்தேன். முன்பக்கத்தில் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் உங்கள் பென்சில். ப. 64 என்று போட்டு, பக்கத்திலேயே இருந்தும் பார்க்காதவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதின அதே வரி. ப. 112இல் ஏதோ கருணையைப் பற்றி எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதற்கும் கீழே, ஓரமாக, சின்னதாக ஒரு குறிப்பு: "நிர்மலா தபால் வந்ததா, ஆதிமூலத்திடம் கேட்க."

அந்த வரியைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். விடுதிப் பிள்ளைகள் பயந்துபோய்த் தங்கமணியைக் கூட்டி வந்தார்கள்.

புத்தகங்களைப் பேப்பர்காரனுக்குப் போட்டது தண்டனை என்கிறீர்கள். யாருக்குத் தண்டனை? ஒரு மனுஷன் இரண்டு மாதம் உங்கள் ஒரு பக்கத்துக்காகக் காத்துக் கிடந்தான். உங்களுடைய வெட்டி யோசனை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து அதை நிறுத்திவிட்டீர்கள். மாறுதல் போனதை விட எனக்கு இதுதான் ஆறவில்லை. பயந்துகொண்டே ஆனாலும் தாகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம்.

இப்போது பாக்கி விஷயம். அந்தச் சனிக்கிழமை நான் தண்ணீர் மறுத்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "மச்சான் பதில் போட்டாரா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அருவியை நினைக்கிறேன் என்றார். அப்புறம் சொன்னார்: "நெனச்சா கம்மிதான் ஆவுது, நிர்மலா. மச்சானுக்கு இத எழுதிடு. பாவம், பொஸ்தவத்துல தேடிக்கினு கெடப்பாரு."

எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று தெரியாது. சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

சங்கராபுரத்தின் அந்த இன்னொரு இடத்துக்கு மாறுதல் ஆணையைப் போன வாரம் ஆபீஸுக்கு வரச் சொல்லிக் கையிலேயே கொடுத்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸுக்குப் போன கையோடு, பணிப் பதிவேட்டில் நிரந்தர முகவரியையும் மாற்றிக் கொடுத்தேன். ஆறு மாதம் ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு தாள்தான், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இனி எனக்கு வரும் எந்தத் தபாலும் உங்கள் வீட்டுக்கு வராது. அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், அவள் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொ. நிர்மலா, சமையலர்